1851 யார்க்‌ஷயர் கவர்னஸ் கதை: திருமண அத்தியாயத்துக்கு உதவி வேண்டும்

நண்பர்களே, கதை நடப்பது இங்கிலாந்தில். நாயகி ஒரு கவர்னஸ், அதாவது வசதியான வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியை. ஆண்டுக்கு 30 பவுண்டு சம்பளம், சாப்பாடும் தங்கலும் அந்த வீட்டிலேயே. வேலைக்காரர்களோடும் உட்கார முடியாது, குடும்பத்தோடும் முடியாது. இரவுச் சாப்பாடு படிப்பறையில் தனியாக. மனைவியை இழந்த எஜமானரிடம் அவள் மனம் சாய்வதற்கு இந்தத் தனிமையே போதும். அதுவரை கதை நன்றாக ஓடுகிறது.

சிக்கல், அவர் காதலைச் சொன்ன பிறகு. ஒரே கூரையின் கீழ் தொடர்ந்தால் அவள் பெயர் கெடும். மறுநாளே வெளியேற்ற வேண்டும். எங்கே அனுப்பலாம்? பாதிரியார் வீடு பொருந்துமா?

அடுத்தது திருமணம். தேவாலயத்தில் மூன்று ஞாயிறு திருமண அறிவிப்பு வாசித்தால் ஊரே பேசும். திருச்சபையிடம் திருமண லைசென்ஸ் வாங்கினால் அது தேவையில்லை. ஆனால் இருவரில் ஒருவர் அந்தப் பங்கில் (தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதியில்) 15 நாள் தங்கியிருக்க வேண்டும். யாரைத் தங்கவைப்பது? சடங்கு காலை 8 முதல் 12 மணிக்குள்தான், 1886 வரை அதுதான் சட்டம். ஆகவே மெழுகுவத்தி வெளிச்சத்தில் மாலைக் கல்யாணம் வேண்டாம். இறந்த மனைவியின் தங்கையையே கவர்னஸாக்கும் யோசனையும் வேண்டாம். 1835 சட்டப்படி அந்தத் திருமணம் செல்லாது.

முக்கியமான கேள்வி: மனைவி இறந்து 14 மாதத்தில் அவர் கேட்பதாக வைத்திருக்கிறேன். அவசரமாகத் தெரிகிறதா?