வாடகைக் காரில் டயர் காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு எரிகிறது: மலைப்பாதையில் செல்லலாமா?

கேள்வி

வணக்கம். ஐந்து நாள்களுக்கு ஒரு காரை வாடகைக்கு எடுத்து, முதல் இரண்டு நாள்கள் நகரத்தையும் மீதி மூன்று நாள்கள் அதைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களையும் பார்ப்பதாகத் திட்டம். நேற்றுக் காலை வண்டியைக் கிளப்பியதும், குதிரை லாடத்துக்குள் ஆச்சரியக்குறி போட்டாற்போன்ற மஞ்சள் விளக்கு எரிந்தது. இருபது நிமிடம் ஓட்டியபின் தானாகவே அணைந்துவிட்டதால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. இன்று காலை மீண்டும் எரிகிறது. வாடகை நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தால், "குளிருக்கு அப்படித்தான் வரும், ஓட்டுங்கள்" என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. என் தாயாரும் இரண்டு குழந்தைகளும் உடன் வருகிறார்கள். வண்டியில் ஸ்டெப்னி இல்லை. பஞ்சர் அடைக்கும் திரவமும் சிறிய காற்று பம்ப்பும்தான் இருக்கின்றன. டயர் சேதம் காப்பீட்டில் சேராது என்று ஒப்பந்தத்தில் வேறு எழுதியிருக்கிறது. நாளை மலை ஏறலாமா?

பதில் 1

அவர்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் கார் டயரின் அழுத்தம் ஏறத்தாழ 1.5 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும். வண்டி ஓட ஓட டயர் சூடேறி அழுத்தம் கூடுவதால் விளக்கு அணைந்தும் போகும். ஆனால் மெதுவாகக் காற்று இறங்கும் பஞ்சரும் தொடக்கத்தில் இதே போலத்தான் தோன்றும் என்பதால், விளக்கை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருந்தபின், டயர் குளிர்ந்த நிலையில், நான்கையும் அளந்து பாருங்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒட்டப்பட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்றடிப்பது பலரும் செய்யும் தவறு. நான்கும் ஒரே அளவாகக் குறைந்திருந்தால் குளிர்தான் காரணம். ஒன்று மட்டும் குறைந்திருந்தால் அந்த டயரை நம்பி மலை ஏற வேண்டாம்.

கேட்டவர்

மிக்க நன்றி. கதவுத் தூணில் 33 என்று இருக்கிறது. மூன்று டயர்களில் 32, வலப்பக்கப் பின்டயரில் மட்டும் 24. சோப்பு நீரைத் தெளித்துப் பார்த்தபோது, நடுப்பகுதியில் புதைந்திருந்த ஒரு திருகாணியின் தலையைச் சுற்றிக் கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. பிடுங்கிவிட்டுத் திரவத்தை ஊற்றலாமா?

பதில் 2

இரண்டையும் செய்யாதீர்கள். இப்போதைக்கு அந்தத் திருகாணியேதான் துளையை அடைத்துக்கொண்டிருக்கிறது. பிடுங்கினால் நின்ற இடத்திலேயே காற்று முழுவதும் இறங்கிவிடும். திரவம் வேறு வழியே இல்லாதபோது பயன்படுத்த வேண்டிய பொருள். உள்ளே பரவிக் காய்ந்த பிறகு அந்த டயரை ஒட்டித் தரப் பல பட்டறைகள் மறுத்துவிடும். ஐம்பது நிமிட வேலையாக முடிந்திருக்க வேண்டியது புதிய டயர் வாங்கும் செலவாகிவிடும்.

பம்ப்பால் 33 வரை காற்றடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி அளந்து, அளவு நின்றால் மட்டும் அருகிலுள்ள பட்டறைக்கு மெதுவாக ஓட்டிச் செல்லுங்கள். அதற்கு முன் திருகாணி, அழுத்த அளவு, கிலோமீட்டர் எண் மூன்றையும் படமெடுத்து நிறுவனத்துக்கு அனுப்பி, பழுதுபார்க்க ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். அனுமதியின்றிச் செய்த பழுதுக்குப் பணம் தராத நிறுவனங்கள் உண்டு, வாடகை வண்டியில் வாய்வார்த்தையை நம்பி நான் ஒருமுறை பணத்தை இழந்திருக்கிறேன். துளை நடுப்பகுதியில், 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால், டயரைக் கழற்றி உட்புறமிருந்து ஒட்டுவது நம்பகமானது. பக்கவாட்டில் துளை என்றால் டயரை மாற்றியே ஆக வேண்டும்.

பதில் 1

ஒன்றைச் சேர்க்கிறேன். சில வண்டிகளில் காற்றடித்தபின் திரையில் உள்ள மெனு வழியே அழுத்த அளவை மறுபதிவு செய்தால்தான் விளக்கு அணையும். டயர் சரியாவதற்கு முன் அதைச் செய்துவிடாதீர்கள். குறைந்த அழுத்தத்தையே வண்டி சரியான அளவாக எடுத்துக்கொள்ளும்.

கேட்டவர்

படங்களை அனுப்பிய அரை மணி நேரத்தில் நிறுவனத்திடமிருந்து குறுஞ்செய்தியில் ஒப்புதல் வந்தது. ரசீதைக் காட்டினால் தொகையைக் கழித்துக்கொள்வதாகவும் எழுதியிருக்கிறார்கள். துளை 4 மில்லிமீட்டர்தான் என்று சொல்லிப் பட்டறைக்காரர் உட்புறமிருந்து ஒட்டிக் கொடுத்தார். மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் அளந்தபோது நான்கிலும் 33 இருந்தது, விளக்கும் எரியவில்லை. ஒரு நாள் தாமதமானதால் தொலைவிலுள்ள ஒரு கிராமத்தை மட்டும் விட்டுவிட்டு, இப்போது மலையடிவாரத்திலிருந்து இதை எழுதுகிறேன். திருகாணியையும் ரசீதையும் ஒரே உறையில் போட்டு ஒப்பந்தத்தோடு வைத்திருக்கிறேன்.