ஐஎஸ்எல் சொந்தக் காலில் நிற்குமா? உள்ளே வேலை பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஆஃப்சைடு ஆறுமுகம்

2010 டிசம்பரில் ஏஐஎஃப்எஃப் (அகில இந்தியக் கால்பந்துச் சங்கம்) தன் வணிக உரிமைகளை 15 வருஷத்துக்கு, 700 கோடி ரூபாய்க்கு, ஐஎம்ஜி-ரிலையன்ஸிடம் கொடுத்தது. அதன் மேல் கட்டியதுதான் 2014-ல் தொடங்கிய ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்). 2025 டிசம்பர் 8-ல் ஒப்பந்தம் முடிந்தது. முடிவதற்கு ஐந்து மாதம் முன்பே, ஜூலையில், லீக்கை நடத்தும் எஃப்எஸ்டிஎல் சீசனை நிறுத்தி வைத்துவிட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி சம்பளத்தை நிறுத்தியது, சென்னையின் எஃப்சியும் ஒடிசா எஃப்சியும் முதல் அணி வேலைகளை மூட்டை கட்டின. புதிய நடத்துநரைத் தேடி விட்ட டெண்டரின் கெடு நவம்பர் 7. ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் 2026 பிப்ரவரி 14-ல் 14 அணிகள், ஒற்றைச் சுற்று, 91 ஆட்டம் என்று சுருக்கி ஆரம்பித்தார்கள்.

முதல் சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 24,000 பேருக்கு மேல் வந்த லீக் இது. கூட்டம் வந்தும் ஏன் இந்தக் கதி? கணக்கு, மைதானம், ஒளிபரப்பு, வீரர் ஒப்பந்தம் என்று அவரவர் துறையில் பார்த்ததை எழுதுங்கள். "நான் 2014-ல் மெரினா அரீனாவில் மெட்டராஸியைப் பார்த்தேன்" வகை ரசிகர் நினைவுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே எண்ணும் நடைமுறையும் போதும்.

ரசீதுப் புத்தகம்

கூட்டத்தை வைத்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லாரும் ஏமாறுகிற இடம் அதுதான். 2024-25-ல் 13 அணிகள், ஒவ்வொன்றுக்கும் சொந்த மண்ணில் 12 ஆட்டம். ஒரு ஆட்டத்துக்கு 10,000 பேர் காசு கொடுத்து வருகிறார்கள், டிக்கெட் சராசரி 200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு 20 லட்சம், சீசனுக்கு 2.4 கோடி. வீரர் சம்பள உச்சவரம்பு 2020-21-லேயே 16.5 கோடி. கூட்டத்தை இரட்டிப்பாக்கினாலும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட முடியாது. பயிற்சியாளர், பிசியோ, விமானம், ஹோட்டல், அகாடமி எல்லாம் அந்த 16.5-க்கு வெளியே.

அப்படியென்றால் மீதி எங்கிருந்து? ஒன்று லீக்கின் மையத் தொகுப்பில் (டிவி, லீக் ஸ்பான்சர் காசு சேரும் பொதுப் பை) வரும் பங்கு, இன்னொன்று கிளப்பின் சொந்த ஸ்பான்சர், மூன்றாவது முதலாளியின் பாக்கெட். மையப் பங்கு வரும்போதே, லீக்கில் இருக்கக் கிளப் கட்டும் ஃப்ராஞ்சைஸ் கட்டணமும் போய்க்கொண்டிருக்கும், எனவே கையில் நிற்பது சொற்பம். லீக்கின் பெயர் ஸ்பான்சரான ஹீரோ 2022-23 சீசனோடு விலகியது. அடுத்த சீசனில் லீக் பெயருக்கு முன்னால் எந்தப் பெயரும் இல்லை. மையத் தொகுப்பில் விழுந்த ஓட்டை அது.

கிளப் ஸ்பான்சர் விஷயத்தில் வெளியே தெரியாத ஒன்று: அறிவிப்பில் வரும் தொகை வேறு, வங்கியில் விழும் தொகை வேறு. பெரும்பகுதி பொருளாக வரும். ஹோட்டல் அறை, தண்ணீர் பாட்டில், பஸ், மருத்துவமனைப் பரிசோதனை. செலவு மிச்சம்தான், ஆனால் அதை வைத்துச் சம்பளம் போட முடியாது. பணமாகத் தருபவரும் பில் கொடுத்து 60, 90 நாள் கழித்துத்தான் தருவார். அதற்குள் ஜிஎஸ்டி வந்து நிற்கும். முன்பு ஸ்பான்சர்ஷிப்புக்கு வரியை வாங்குபவரே நேரடியாகக் கட்டுவார். 2025 தொடக்கத்தில் இருந்து, கம்பெனியாக இருக்கும் கிளப்தான் கட்ட வேண்டும். பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் 18 சதவீதம் போக வேண்டும், ஸ்பான்சர் பணம் வந்தாலும் வராவிட்டாலும். ஒரு கோடிக்குப் பில் என்றால் வராத காசுக்கு 18 லட்சம் கையிலிருந்து. சின்னக் கிளப் ஒன்று மூச்சுத் திணற ஆரம்பிப்பது பெரும்பாலும் ஆண்டு நஷ்டத்தால் இல்லை, இந்த மூன்று மாத இடைவெளியால்.

கேட் நம்பர் 4

ரசீது சொன்ன 20 லட்சத்தில் ஆட்ட நாள் செலவைக் கழிக்கவே இல்லையே சார்.

சென்னை, கொச்சி, கொல்கத்தா எங்கேயும் மைதானம் கிளப்புடையது இல்லை. சென்னை நேரு ஸ்டேடியம் அரசு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துடையது. ஜாம்ஷெட்பூரில் டாடாவின் சொந்த மைதானம், அது விதிவிலக்கு. வாடகை மைதானம் என்றால் ஆட்டத்துக்கு முந்தின நாளிலிருந்து கணக்கு ஓடும். பயிற்சிக்கு ஒரு வேளை, விளம்பரப் பலகை பூட்ட ஒரு நாள், கழற்ற ஒரு நாள். போலீஸ் பந்தோபஸ்துக்குக் கட்டணம், தனியார் காவலாளிகள், இரண்டு ஆம்புலன்ஸ், தீயணைப்புத் துறை அனுமதி, பொதுப் பொறுப்புக் காப்பீடு. விளக்குக்கு இரண்டு ஜெனரேட்டரை ஒத்திசைத்து ஓட்டி, மூன்றாவதைத் தயாராக நிறுத்த வேண்டும். ஒளிபரப்பு வேனுக்குத் தனி ஜெனரேட்டர், அதில் வேறு எதையும் மாட்ட விடமாட்டார்கள். 3,000 பேர் வந்தாலும் 25,000 பேர் வந்தாலும் இதில் முக்கால்வாசி மாறாது.

வருமானத்தில் கிளப்புக்குக் கிடைக்காதவை: பார்க்கிங், நிரந்தரக் கடைகள், ஆட்டம் இல்லாத நாள் வாடகை. வருஷத்தில் 12 நாள் மட்டும் குடியிருந்துவிட்டு அந்த வீட்டை வைத்துச் சம்பாதிக்க முடியாது.

புல் தனிக் கதை. சீசன் வழக்கமாக அக்டோபர் வாக்கில் தொடங்கும், சென்னைக்கு அது வடகிழக்குப் பருவமழைக் காலம். தண்ணீர் வடியும் மணல் அடுக்கு சரியாக இல்லாவிட்டால் முதல் கனமழையிலேயே கோல் பகுதி சேறாகும். இடையில் யாராவது கச்சேரி நடத்தினால் மேடை போட்ட இடத்தில் பெர்முடா புல் மஞ்சளடித்துவிடும், தேறி வர வாரக்கணக்கு ஆகும். 2015 வெள்ளத்தில் சென்னையின் எஃப்சி தன் அரையிறுதியின் உள்ளூர் ஆட்டத்தையே புனேயில் ஆடியது. சீசனிலேயே அதிக வசூல் தரக்கூடிய ஆட்டம் அப்படிப் போனது.

ஓபி வேன்

இரண்டு பேரும் செலவைச் சொல்கிறீர்கள். உலகம் முழுக்க லீக்கைத் தாங்குவது டிவி காசு, இங்கே அது ஏன் வரவில்லை என்று பாருங்கள்.

டி20-யில் ஒரு ஓவர் முடிந்தால் ஒரு விளம்பரம். விக்கெட் விழுந்தால் இன்னொன்று. இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 38 ஓவர் இடைவெளி. கால்பந்தில் 45 நிமிஷம் கேமராவை எடுக்கவே முடியாது. இடைவேளை 15 நிமிஷம், அதில் ஸ்டுடியோ பேச்சு போக என்ன மிஞ்சும்? அந்த நேரத்தில் பார்ப்பவர் டீ போடப் போயிருப்பார். விளம்பரத்தை நம்பிய சந்தையில் கால்பந்து தோற்பது ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ஐரோப்பாவில் சந்தா கட்டிப் பார்க்கிறார்கள். ஐஎஸ்எல்லுக்கென்று மட்டும் மாதாமாதம் காசு கட்டுபவர் கேரளா, வங்காளம், கோவா, வடகிழக்கு தாண்டி எத்தனை பேர்?

தயாரிப்புச் செலவோ குறையாது. ஒரு ஆட்டத்துக்கு எட்டு, பத்து கேமரா, மறுஒளிபரப்பு இயந்திரங்கள், செயற்கைக்கோள் இணைப்பு, நாலைந்து மொழி வர்ணனை. ஆட்டங்கள் கொச்சி, குவாஹாத்தி, கொல்கத்தா என்று சிதறிக் கிடந்தால் வேன்கள் நாட்கணக்கில் ரோட்டில். 2020-21, 2021-22 இரண்டு சீசனும் கோவாவில் மூன்று மைதானத்துக்குள் நடந்தபோது தயாரிப்புச் செலவு இறங்கியது, கேட் வசூல் பூஜ்யமானது.

என்னைக் கேட்டால் ஆணிவேர் இதுதான்: எஃப்எஸ்டிஎல்லில் ரிலையன்ஸும் ஸ்டாரும் பங்குதாரர்களாக இருந்தார்கள். ஆட்டத்தை விற்கும் கம்பெனியில் வாங்கும் சேனலுக்கே பங்கு. அதனால் இந்த ஆட்டங்கள் வெளிச்சந்தையில் என்ன விலை போகும் என்று பல வருஷம் யாருக்குமே தெரியாது. 2025-ல் முதல்முறையாகத் திறந்த டெண்டர் வந்தது. வருஷத்துக்குக் குறைந்தது 37.5 கோடி, அல்லது மொத்த வருமானத்தில் 5 சதவீதம், எது அதிகமோ அது ஏஐஎஃப்எஃப்புக்கு. லாபத்தில் 5 இல்லை, வருமானத்தில் 5. நஷ்டம் முழுக்க ஏலம் எடுத்தவருக்கு, முடிவெடுக்கும் அதிகாரமோ சங்கத்தோடு பங்கு. இந்த நிபந்தனையில் யார் கையெழுத்துப் போடுவார்?

கோவை லெஃப்ட் விங்

எங்க ஊர்க் கணக்கும் ஒன்னு இருக்கு. சென்னை சிட்டி எஃப்சி, பேர் சென்னை, ஆடினது கோவை நேரு ஸ்டேடியத்துல. 2018-19 ஐ-லீக் (ஐஎஸ்எல் தவிர இருக்கற இன்னொரு தேசிய லீக்) சாம்பியன். 2019-ல சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசெல் 26 சதவீதப் பங்கு வாங்குச்சு. 2021-22 ஐ-லீக்ல பார்த்தா டீமே இல்ல. கோப்பை ஜெயிச்சா காசு வரும்ங்கறது இந்தியக் கால்பந்துல தலைகீழ். ஜெயிச்ச டீமோட பசங்க எல்லாரும் அடுத்த வருஷம் சம்பளம் கூடக் கேப்பாங்க, இல்ல ஐஎஸ்எல் கிளப் தூக்கிட்டுப் போயிரும். வருமானம் மட்டும் அப்படியே நிக்கும்.

ஒப்பந்தம் பார்ப்பவன்

லெஃப்ட் விங் சொன்னதுக்கு ஐஎஸ்எல் உதாரணம் ஹைதராபாத். எஃப்சி புனே சிட்டி 2019-ல் மூடிய இடத்தில் வந்த கிளப். 2021-22-ல் சாம்பியன். 2023-24-ல் சம்பளப் பாக்கி, வீரர் பதிவுத் தடை, வெளிநாட்டு வீரர்கள் பாதி சீசனில் மூட்டை கட்டியது, பட்டியலில் கடைசி இடம். 2025-ல் உரிமமே டெல்லிக்குப் போய் ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி ஆனது.

அந்தச் சரிவு எந்த வழியில் நடக்கிறது என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாக் கிளப்புக்கும் வழி ஒன்றுதான். ஃபிஃபா வீரர் இடமாற்ற விதி 14பிஸ் படி இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்றால் வீரர் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து 15 நாள் அவகாசம் தரலாம். அதற்குள் முழுத் தொகையும் வராவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகலாம். பாக்கிச் சம்பளம் மட்டுமில்லை, ஒப்பந்தத்தின் மிச்ச காலத்துக்கும் நஷ்டஈடு கேட்கலாம். வெளிநாட்டு வீரர் என்றால் கேஸ் ஃபிஃபாவின் தகராறு தீர்ப்பு அறைக்குப் போகும். தீர்ப்பு வந்தபின் 45 நாளில் கட்டாவிட்டால் புது வீரர் பதிவுக்குத் தடை, அதிகபட்சம் மூன்று முழுப் பதிவுக் காலம் வரை.

இங்கேதான் சுழல் ஆரம்பிக்கிறது. தடை வந்தால் ஆள் எடுக்க முடியாது. அணி தோற்கும். ஸ்பான்சர் ஒப்பந்தத்தில் "தரவரிசை" ஷரத்து இருந்தால் தொகை குறையும். விற்கத் தகுந்த இளம் வீரர்களைப் பாதி விலைக்கு விற்றுத் தடையை நீக்குவார்கள். அடுத்த சீசனுக்கு அணியே இருக்காது. 20 லட்சம் பாக்கியை இழுத்தடித்துக் கோடியில் முடிக்கும் நிர்வாகிகளுக்குக் குறைவே இல்லை.

ஆஃப்சைடு ஆறுமுகம்

ஆனால் அமெரிக்காவின் கால்பந்து லீக்கான எம்எல்எஸ்ஸும் ஆரம்பத்தில் இப்படித்தானே இருந்தது? 1996-ல் 10 அணிகளோடு தொடங்கி முதல் ஐந்து வருஷத்தில் சுமார் 25 கோடி டாலர் நஷ்டம் என்பார்கள். இப்போது பாருங்கள்.

ரசீதுப் புத்தகம்

ஆறுமுகம் அண்ணே, எம்எல்எஸ் பிழைத்தது பொறுமையால் மட்டும் இல்லை. வீரர் ஒப்பந்தங்கள் லீக்கின் பெயரில், எனவே முதலாளிகள் ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டுச் சம்பளத்தை ஏற்ற முடியவில்லை. 2001 சீசன் முடிந்ததும் மயாமி, டாம்பா பே இரண்டையும் கூச்சப்படாமல் மூடினார்கள். ஒரு கட்டத்தில் 10 அணியில் ஆறு பிலிப் ஆன்ஷூட்ஸ் என்ற ஒரே முதலாளி பக்கம். கொலம்பஸில் 1999-லேயே கால்பந்துக்கென்று சொந்த மைதானம். 2002-ல் சாக்கர் யுனைட்டட் மார்க்கெட்டிங் என்ற கம்பெனியைத் தொடங்கி உலகக் கோப்பையின் ஆங்கில ஒளிபரப்பு உரிமையை வாங்கினார்கள். சொந்தச் சரக்கு விலை போகாத காலத்தில் அடுத்தவர் சரக்கை விற்றுப் பிழைத்தது அது. அதற்கப்புறம் புதுமுகங்களின் நுழைவுக் கட்டணம்: 2007-ல் டொராண்டோ 1 கோடி டாலர், 2025-ல் சான் டியேகோ 50 கோடி டாலர். இந்தக் கட்டணத்தை வருமானம் என்று சொல்வது எனக்கு உறுத்தல்தான், புது அணி வருவது நின்றால் அதுவும் நிற்கும். நம் ஊரிலோ ஐ-லீக்கில் ஜெயித்து மேலே வந்த பஞ்சாப் எஃப்சியிடம் கட்டணமே கிடையாது. விளையாட்டுக்கு அது நியாயம். 2014-லிருந்து கட்டியவர் வயிறு எரியும்.

ஜப்பானும் பாருங்கள். ஜே-லீக் 1993-ல் 10 கிளப்போடு வந்தது. 1998-ல் யோகோஹாமா ஃப்ளூகல்ஸுக்குக் காசு போட்ட கட்டுமானக் கம்பெனி விலகியது, கிளப் அதே ஊர்ப் போட்டியாளரோடு இணைக்கப்பட்டது. தன் கடைசி ஆட்டத்தில், 1999 ஜனவரி 1-ல், பேரரசர் கோப்பையை ஜெயித்துவிட்டுக் கலைந்த அணி அது. 2013 சீசனிலிருந்து உரிம விதி வந்தது: தொடர்ந்து மூன்று வருஷம் நஷ்டம் காட்டினாலோ, கடன் சொத்தைத் தாண்டினாலோ உரிமம் போகும். பெரிய டிவி காசு, டாஸோன் என்ற ஸ்ட்ரீமிங் சேவையின் பத்து வருஷ 21,000 கோடி யென், வந்தது 2017-ல்தான். தொடங்கி 24 வருஷம் கழித்து.

ஓபி வேன்

எதிர்ப்பக்கம் சீனா. ஜியாங்சு கிளப் 2020-ல் சாம்பியன், 2021 பிப்ரவரியில் கடையை மூடியது. தாய்க் கம்பெனிக்குக் காசு நெருக்கடி, அவ்வளவுதான் காரணம். அமெரிக்க வகைக் கால்பந்தில் 2019-ல் ஏஏஎஃப் என்று ஒன்று வந்தது. ஒரே முதலீட்டாளர் 25 கோடி டாலர் தருவதாகச் சொன்னார். எட்டு வாரத்தில் கையை விரித்தார். திவால் மனுவில் கடன் 4.84 கோடி டாலர், சொத்து 1.14 கோடி.

கேட் நம்பர் 4

இங்கேயும் மும்பை சிட்டியில் 65 சதவீதம் வைத்திருந்த சிட்டி ஃபுட்பால் குரூப் 2025 டிசம்பரில் விலகிவிட்டதே. மான்செஸ்டர் சிட்டியை நடத்துபவர்களுக்கே கணக்கு ஒத்துவரவில்லை.

91 ஆட்டம் என்றால் ஒரு அணிக்கு 13 ஆட்டம், சொந்த மண்ணில் ஆறோ ஏழோ. டிக்கெட், பலகை விளம்பரம் எல்லாம் பாதி. சம்பளம் பாதியாகுமா?

ஒப்பந்தம் பார்ப்பவன்

ஆகாது. அதனால்தான் பல கிளப்புகள் வீரர்களிடம் குறைப்புக்கு உடன்படக் கேட்டன. ஒப்பந்தம் இருக்கும்போது கிளப் தானாகக் குறைக்க முடியாது, எழுத்தில் இருவரும் ஒப்ப வேண்டும்.

தனிச் செய்தியில் ஒரு வீரரின் அப்பா கேட்டிருந்தார், கிளப் நொடிக்கப் போகிறது என்று முன்கூட்டியே எப்படித் தெரியும் என்று. ஐயா, சம்பளம் தாமதமாவது கடைசி அறிகுறி. அதற்கு முன் நிற்பது டிடிஎஸ். சம்பளத்தில் பிடித்த வரியை அரசுக்குக் கட்டாமல் கிளப் அந்தப் பணத்தைச் சுழற்ற ஆரம்பிக்கும். வருமான வரித் தளத்தில் பையனின் பான் எண்ணில் நுழைந்து கட்டிய வரியைக் காட்டும் அறிக்கையை (26ஏஎஸ் என்று பழகிய படிவம்) திறங்கள். காலாண்டுக் கணக்கு ஏறச் சில வாரம் பிடிக்கும், அதற்கப்புறமும் சம்பளச் சீட்டில் பிடித்த தொகை அங்கே இல்லை என்றால் கிளப்பின் கையில் காசு இல்லை என்று அர்த்தம். அடுத்து, ஹோட்டல் மாறுகிறதா, வெளியூர் ஆட்டத்துக்கு விமானம் ஆட்டத்தன்று காலைக்கு மாறுகிறதா பாருங்கள். இரண்டும் சேர்ந்தால் நோட்டீஸ் எழுதத் தயாராகுங்கள். சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகல் மூன்றும் வீட்டில் இருக்கட்டும், கிளப் அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் "அடுத்த வாரம் போட்டுவிடுகிறோம்" என்று மேலாளர் எழுதினால் அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பாக்கி இருப்பதைக் கிளப்பே ஒப்புக்கொண்டதற்குச் சான்று அது.