நன்றிக் குறிப்பேடு: தினமும் அதே அஞ்சு வரிதான் வருது, என்ன செய்யலாம்?

கெடிலக்கரை:
ராத்திரி படுக்கும் முன் ஐந்து நன்றி எழுதுவதாக நோட்டு போட்டாச்சு. குடும்பம், உடம்பு, வேலை, வீடு, சாப்பாடு. மறுநாளும் இதே ஐந்து. மனசில் ஒன்றும் அசைவதில்லை. எண்ணிக்கையைக் குறைப்பதா, இடைவெளி விடுவதா? பழகியவர்கள் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை:
முதலில் எழுதும் முறையை மாத்துங்க. இந்த ஐந்தும் வெறும் தலைப்புகள். ஆளும் இல்லை, செயலும் இல்லை. ஒரு பக்கத்துக்கு ஒரே சம்பவம் போதும். யார், என்ன செய்தார், அதற்காக எதை விட்டுவிட்டு வந்தார், வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்: நாலும் வரணும்.

"நல்ல அக்கம்பக்கம்" என்று எழுதாதீங்க. "தூறல் விழுந்ததும் எதிர்வீட்டு அக்கா அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்கு ஓடி, காயவைத்த வத்தலைத் துணியோடு சுருட்டி உள்ளே வைத்தார், இல்லாவிட்டால் அத்தனையும் பூசணம் பிடித்திருக்கும்" என்று எழுதுங்க. அடுப்பை அணைத்தார் பாருங்க, நெஞ்சைத் தொடுவது அதுதான்.

இடைவெளியும் விடலாம். எம்மன்ஸ், மெக்கல்லா என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வுகளில் ஒன்றில், சிலரை நன்றியை வாரம் ஒருமுறைதான் எழுதவைத்தார்கள், 10 வாரம். தொல்லைகளைப் பட்டியல் போட்டவர்களைவிட இவர்களுக்கு வாழ்க்கை நிறைவாகத் தெரிந்தது.

வில்லியனூர்:
தினமும் எழுதுவதே தப்பு என்று ஆகிவிடாது. உளவியலாளர் செலிக்மன் குழுவின் 2005 ஆய்வில் இரவுதோறும் 3 நல்லவை, ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்ற காரணத்தோடு, ஒரே வாரம். பலர் அந்தக் காரணத்தை விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் சலிப்பு வருது. முதல் வாரம் இப்படிச் செய்துவிட்டு, பிறகு ஞாயிறு மட்டும் எழுதலாம்.

பழகிப்போனது கண்ணில் படாது. அதற்குக் கழித்துப் பார்க்கணும், அதாவது அது இல்லாமலே போயிருந்தால் என்று யோசிக்கணும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரை கடந்தபோது கடலூர், புதுவை இரண்டிலும் மின்கம்பங்கள் சாய்ந்து, பல கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு விழுந்தன. "கம்பம் நட அன்று ஆள் வராமலே இருந்திருந்தால்?" என்று தொடங்கி, தண்ணி மோட்டார், குழந்தைக்குப் பால், ஆஸ்பத்திரி என்று அரைப்பக்கம் எழுதுங்க. சுவிட்சைத் தட்டும்போதே அந்த லைன்மேன் ஞாபகத்துக்கு வருவார்.

மஞ்சக்குப்பம்:
இரண்டு எச்சரிக்கை. சுனாமியில் ஆளைப் பறிகொடுத்த வீடுகள் தேவனாம்பட்டினம் பக்கம் உண்டு. டிசம்பர் 26 வந்தால் அவர்களிடம் "இருப்பதை நினைத்து நன்றி சொல்" என்று போய் நிற்காதீங்க. துக்கம் தனிப்பக்கம், அதை முதலில் எழுதட்டும், நன்றி வந்தால் வரட்டும். தூக்கமும் பசியும் கெட்டு, மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் நோட்டு போதாது, மருத்துவரைப் பாருங்க. 14416-ல் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள், இலவசம்.

அடுத்தது, நன்றி வேறு, அடங்கிப்போவது வேறு. சம்பளம் பாக்கி வைக்கும் முதலாளிக்கு "வேலையாவது கொடுத்தாரே" என்று எழுதினால் பாக்கியைக் கேட்க வாய் வராது.

கெடிலக்கரை:
சம்பந்தப்பட்டவரிடம் நேரில் சொல்லலாமா? நம்ம ஊரில் கூச்சமாச்சே.

முத்தியால்பேட்டை:
சொல்லணும். அதே 2005 ஆய்வில் நன்றிக் கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவர்களுக்குத்தான் உடனடி மகிழ்ச்சி அதிகம். ஆனால் சில மாதத்தில் அது வடிந்துவிட்டது. அதனால் ஒரே கடிதத்தோடு நிறுத்தாதீங்க. ஒரு பக்கம் எழுதி வாசித்துக் காட்டுங்க. வாசிக்கக் கூச்சமாக இருந்தால் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்காருங்க. பழமோ பணமோ கூட வைக்காதீங்க, பதிலுக்கு என்ன செய்வது என்ற யோசனைதான் அவருக்கு ஓடும்.