உளவுத்துறை தப்பாகச் சொன்னதா, ஆட்சியாளர்கள் தப்பாகக் கேட்டார்களா?

யாழினி:
2003 இராக் போரைப் பற்றி இரண்டு வாரமாகப் படிக்கிறேன். இராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக உளவுத்துறை தப்பாகச் சொல்லிவிட்டது என்கிறார்கள் சிலர். இன்னும் சிலர், ஆட்சியாளர்கள் தங்களுக்கு வேண்டிய பதிலை வரவழைத்துக்கொண்டார்கள் என்கிறார்கள். எதை நம்புவது? உளவுத்துறையும் ஆட்சியாளர்களும் எவ்வளவு நெருங்கியிருக்கலாம்?

பழையமேசை:
இரண்டிலும் உண்மை இருக்கிறது. இராக் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். 2002 அக்டோபரில் அமெரிக்க உளவு அமைப்புகள் சேர்ந்து ஒரு ரகசிய மதிப்பீடு தந்தன. குழாய்கள் அணுகுண்டுக்கு யுரேனியம் செறிவூட்டத்தான் என்றது பெரும்பான்மை. எரிசக்தித் துறை அதை ஏற்கவில்லை. அந்தத் தொழில்நுட்பத்தில் கைதேர்ந்தவர்கள் அவர்கள்தான். வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவும் மறுத்தது. அதே மாதம் மக்களுக்கென்று வெளியிட்ட அறிக்கையில், மறுத்தது யார் என்ற விவரமே இல்லை; "சிலர்" வேறு மாதிரி நினைக்கிறார்கள் என்று மட்டும் இருந்தது. அந்தச் சிலர்தான் விஷயம் தெரிந்தவர்கள் என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதில்தான்.

செழியன்:
சரி, அப்படியென்றால் உளவுத்துறை ஆட்சியாளர்களிடமிருந்து விலகியே இருக்கலாமே?

பழையமேசை:
விலகினாலும் சிக்கல்தான். நான் உளவுத்துறையில் இருந்தவன் அல்ல. ஆனால் பல வருடம் இடர் மதிப்பீட்டுக் குறிப்புகள் எழுதியிருக்கிறேன். ஒருமுறை "வாய்ப்பை மறுக்க முடியாது" என்று எழுதினேன். நான் நினைத்தது பத்தில் இரண்டு. கூட்டத்தில் அதை வாசித்தவர், நடந்தே தீரும் என்பதுபோலப் பேசினார். நான் அந்த அறையிலேயே இல்லை, திருத்த முடியவில்லை.

பெரிய இடத்திலும் இதுதான் நடந்தது. 1951ல் யூகோஸ்லாவியா மீது தாக்குதல் நடக்க "தீவிரமான சாத்தியம்" உண்டு என்று ஒரு அமெரிக்க மதிப்பீடு சொன்னது. எவ்வளவு என்று வெளியுறவுத் துறை அதிகாரி ஒருவர் கேட்டபோது, மதிப்பீட்டுக் குழுவில் இருந்த சிஐஏ அதிகாரி ஷெர்மன் கென்ட், நடக்க 65, நடக்காமல் போக 35 என்றார். கேட்டவர் அதிர்ந்துபோனார், அவர் அவ்வளவு நினைக்கவில்லை. அப்புறம் கென்ட் தன் சகாக்களைக் கேட்டால், ஒருவர் 20 என்கிறார், இன்னொருவர் 80 என்கிறார். ஒரே வரிக்குச் சம்மதித்தவர்கள் அவர்கள்!

செழியன்:
1973ல் எகிப்து திடீரென்று தாக்கிய இஸ்ரேலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீண்டதூர விமானங்களும் ஏவுகணைகளும் கிடைக்காமல் எகிப்து போருக்கு வராது என்று ராணுவ உளவுத்துறையே நம்பியது. யாரும் மிரட்டி அப்படி எழுத வைக்கவில்லை.

பழையமேசை:
ஆமாம், அழுத்தம் இல்லாமலும் கண் மறைக்கும். அதனால்தான் பிறகு அங்கே, பொதுக்கருத்தை எதிர்த்து வாதாடுவதற்கென்றே ஒரு பிரிவு வைத்தார்கள்.

யாழினி, நெருக்கம் எவ்வளவு என்பதைவிட, மாற்றுக்கருத்து யார் பெயரோடு மேலே போகிறது என்று பாருங்கள். 2002 மதிப்பீட்டின் முக்கிய முடிவுகளை 2003 ஜூலையில் வெளியிட்டுவிட்டார்கள். மக்களுக்குத் தந்த அறிக்கையையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குழாய் பற்றிய பத்தியை மட்டும் படித்துப் பாருங்கள்.