டீசல் விலை ஏறும்போது கம்பளம் கழுவும் கட்டணத்தை எப்படி மாற்றுவது?

மாக்மண்டின்_கழுவகம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பினாங்கு மாநிலப் பெருநிலத்தில் உள்ள பட்டர்வொர்த், மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒன்பது ஆண்டுகளாகக் கம்பளம் கழுவும் பட்டறை நடத்தி வருகிறேன். ஒரு டீசல் வேன், என்னோடு சேர்த்து நான்கு பேர். வீடுகளிலிருந்து கம்பளத்தை எடுத்து வந்து, கழுவிக் காயவைத்து, மறுபடியும் கொண்டுபோய் விரித்துவிட்டு வருவது ஒரு வகை வேலை. அலுவலகங்களுக்கு இயந்திரத்தோடு போய், தரையோடு ஒட்டிய கார்ப்பெட்டை அங்கேயே கழுவுவது இன்னொரு வகை. இரண்டுக்கும் சதுர அடிக் கணக்கில்தான் காசு வாங்குகிறோம்.

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35 வெள்ளிக்கு ஒரே நாளில் உயர்ந்தது அனைவருக்கும் நினைவிருக்கும். வேன் கம்பெனி பெயரில் இருப்பதால், தனிநபர் டீசல் வாகனங்களுக்கு அரசாங்கம் கொடுத்த மாதம் 200 வெள்ளி உதவியும் எனக்கு இல்லை. சில வாரங்கள் தாங்கிப் பார்த்துவிட்டு, சதுர அடிக் கட்டணத்தை 1.20 வெள்ளியிலிருந்து 1.40 ஆக உயர்த்தினேன். அன்று செய்தது சரியா என்ற கேள்வி இன்றுவரை தீரவில்லை. பினாங்குத் தீவில் உள்ள பாயான் லெப்பாஸில் ஆண்டுக்கு இருமுறை 2,000 சதுர அடி வேலை கொடுத்து வந்த ஓர் அலுவலகம் வேறு ஆளிடம் போய்விட்டது. தீவின் மறுபக்கத்தில் இருக்கும் பாலிக் பூலாவிலிருந்து ஒற்றைக் கம்பளத்துக்கு அழைப்பவர்களோ குறையவே இல்லை. வேலை நாள் முழுவதும் இருக்கிறது, ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. டீசல் விலை அதன் பிறகு வாரந்தோறும் ஏறியும் இறங்கியும் வருகிறது. நீங்கள் உங்கள் கட்டணத்தை எந்த அடிப்படையில் மாற்றுகிறீர்கள்?

செராஸ்_சலவை

தம்பி, கோலாலம்பூரில் பதினேழு ஆண்டுகளாக இதே தொழிலில் இருக்கிறேன். நீங்கள் விலையை உயர்த்தியதில் தவறில்லை; உயர்த்திய இடம்தான் தவறு. டீசல் செலவு கம்பளத்தின் பரப்பைப் பார்த்து வருவதில்லை, வேன் ஓடும் தூரத்தைப் பார்த்து வருகிறது. அதைச் சதுர அடியில் ஏற்றினால், பெரிய வேலை கொடுப்பவர் சிறிய வேலை கொடுப்பவரின் டீசலுக்கும் சேர்த்துக் காசு கட்ட வேண்டியதாகிறது.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்கிறேன். வேன் லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் ஓடுகிறது என்றும், டீசல் 3.35 வெள்ளி என்றும் வைத்துக்கொள்வோம். பாயான் லெப்பாஸ் அலுவலகத்துக்கு ஒரே பயணம், போய்வர ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர், ஆறு லிட்டர். விலையேற்றத்தால் உங்களுக்குக் கூடிய செலவு 7 வெள்ளி 20 சென். நீங்கள் அவர்களிடம் கூடுதலாகக் கேட்டது 400 வெள்ளி. அவர்கள் போனதில் வியப்பில்லை.

இப்போது பாலிக் பூலாவைப் பாருங்கள். ஐந்துக்கு எட்டு அளவில் ஒரு கம்பளம், 40 சதுர அடி. எடுக்க ஒரு பயணம், கொடுக்க ஒரு பயணம்; ஒவ்வொன்றும் போய்வர எழுபத்தைந்து கிலோமீட்டர் என்றால் மொத்தம் 150 கிலோமீட்டர், 15 லிட்டர், 50 வெள்ளி 25 சென். நீங்கள் வாங்கியது 56 வெள்ளி. பினாங்குப் பாலத்தில் தீவுக்குள் நுழையும்போதுதான் டோல் என்பதால், பெருநிலத்திலிருந்து வரும் உங்களுக்கு அதையும் இரண்டு முறை கட்ட வேண்டியிருக்கும். சவர்க்காரம், தண்ணீர், இரண்டு ஆட்களின் அரை நாள் ஆகிய எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை.

இதே வேலையைப் பழைய விலையில் போட்டுப் பாருங்கள். டீசலுக்கு 32 வெள்ளி 25 சென், வருமானம் 48 வெள்ளி. மீதம் 15 வெள்ளி 75 சென். டோலும் கூலியும் கழித்தால் அன்றைக்கே நட்டம்தான். டீசல் ஏறியதால் வந்த ஓட்டை இல்லை இது, டீசல் ஏறியதால் கண்ணுக்குத் தெரிந்த ஓட்டை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நானும் பல ஆண்டுகள் சதுர அடியைத் தவிர வேறெதையும் எண்ணாமல் இருந்திருக்கிறேன்.

எங்கள் பட்டறையில் இப்போது வருகைக் கட்டணம் தனி, சதுர அடிக் கட்டணம் தனி. செராஸ், காஜாங் பக்கம் ஒரு தொகை. கிள்ளான், ஷா ஆலாம் பக்கம் இன்னொரு தொகை. அந்தப் பக்கம் வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே வேன் போகும். டீசல் ஏறினால் வருகைக் கட்டணம் மட்டும் மாறும். கிள்ளானுக்குப் போகும் கூட்டரசு நெடுஞ்சாலையில் 2018 ஜனவரி முதல் டோல் இல்லை என்பதற்காக அதிலேயே போகச் சொல்லி ஓட்டுநரை வற்புறுத்திய காலமும் உண்டு. மாலை ஐந்தரை மணிக்கு அங்கே நின்றுகொண்டே எரியும் டீசலையும், வேனுக்குள் உட்கார்ந்திருக்கும் இரண்டு ஆட்களின் நேரத்தையும் கணக்குப் போட்ட பிறகு அந்த வற்புறுத்தலை விட்டுவிட்டேன்.

கணக்கர்_அக்கா

சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதுபவள் என்ற முறையில் சொல்கிறேன். செராஸ் அண்ணன் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் மதிப்பீட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். வேனில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் புறப்பட்ட கிலோமீட்டர், திரும்பிய கிலோமீட்டர், எந்த வேலைக்காகப் போனது, வேலை முடிந்ததா இல்லையா என்ற நான்கையும் ஓட்டுநர் எழுதட்டும். மூன்று வாரம் போதும். நான் கணக்குப் பார்த்த இடங்களில் பணம் கசிந்தது பெரும்பாலும் வேலை முடியாமல் திரும்பிய பயணங்களில்தான்: காயாத கம்பளத்தோடு புறப்பட்ட பயணம், வீட்டில் ஆள் இல்லாமல் திரும்பிய பயணம்.

இன்னொன்று, மனத்தில் படுகிறபடி சொல்லிவிடுகிறேன். எல்லா உயர்வையும் டீசலின் தலையில் கட்டாதீர்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 வெள்ளியானது. ஐந்து பேருக்கும் குறைவாக வைத்திருக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு அது 2025 ஆகஸ்ட் 1 முதல் நடப்புக்கு வந்தது. உங்கள் செலவில் அது டீசலைவிடப் பெரிய பங்காக இருக்கக்கூடும், அது உண்மையிலேயே சதுர அடியோடு தொடர்புடைய செலவும்கூட, ஏனென்றால் பெரிய கம்பளத்தைத் தேய்க்க அதிக நேரமாகிறது. அதை அதன் பெயராலேயே வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள். நான் கணக்கு எழுதும் கடை ஒன்றுக்குப் பொருள் கொண்டுவரும் ஒருவர், 2024 ஜூனில் பட்டியலில் ‘எரிபொருள் கூடுதல் கட்டணம்’ என்று ஒரு வரியைச் சேர்த்தார். டீசல் இறங்கிய வாரங்களிலும் அந்த வரி அப்படியே இருந்தது. கேட்டதற்கு, எங்கள் கணினியில் அப்படித்தான் வருகிறது என்றார். அடுத்த மாதமே கடைக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்.

அதனால் வீட்டு வாடிக்கையாளர்களுக்கு எரிபொருள் என்று தனி வரி போடாதீர்கள். வருகைக் கட்டணத்துக்குள் அடக்கிவிடுங்கள். அலுவலகங்களுக்கு மட்டும் ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதுங்கள். அடிப்படை விலை லிட்டருக்கு 3 வெள்ளி என்றும், மூன்று மாதச் சராசரி விலை அதிலிருந்து 30 சென் ஏறினாலோ இறங்கினாலோ ஒரு வருகைக்கு 2 வெள்ளி கூடும் அல்லது குறையும் என்றும் எழுதலாம். அறுபது கிலோமீட்டர் பயணத்துக்கு 30 சென் மாற்றம் என்பது 1 வெள்ளி 80 சென்தான், எனவே இந்தத் தொகை நியாயமானது. புதன்கிழமைதோறும் அறிவிக்கப்படும் விலையைப் பார்த்து ஒவ்வொரு வாரமும் பட்டியலை மாற்றினால், அதைப் படிக்கவே யாருக்கும் பொறுமை இருக்காது. நோட்டுப் புத்தகத்தையும் டீசல் ரசீதுகளையும் பத்திரமாக வையுங்கள். 2011ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாடு, கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டம் சேவைத் தொழிலுக்கும் பொருந்தும். ஏன் உயர்த்தினீர்கள் என்று அதிகாரிகள் கேட்டால் காட்டுவதற்கு ஏதாவது கையில் இருக்க வேண்டும்.

ஆயர்_ஈத்தாம்

நான் டீசல் வேனை விற்றுவிட்டுப் பெட்ரோல் வேன் வாங்கிவிட்டேன். 2025 செப்டம்பர் 30 முதல் அரசாங்கத்தின் புடி95 மானியத் திட்டத்தில் குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளிக்குக் கிடைக்கிறது. என் கேள்வி வேறு. பினாங்கில் நம் தொழிலில் இருப்பவர்கள் அதிகமில்லை. எல்லோரும் ஒரு வாட்சாப் குழுவில் பேசி, வருகைக் கட்டணம் இவ்வளவு என்று ஒரே தொகையாக வைத்துவிட்டால், வாடிக்கையாளர் ஒருவரை விட்டு ஒருவரிடம் ஓட மாட்டார் அல்லவா?

கணக்கர்_அக்கா

ஐயா, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். போட்டியாளர்கள் கூடி விலையை நிர்ணயிப்பதை 2010ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் தடை செய்கிறது. தொழில் சிறியது என்பதோ, செலவு உண்மையிலேயே ஏறிவிட்டது என்பதோ அதற்குச் சமாதானம் ஆகாது. கோலாலம்பூர், சிலாங்கூர், புத்ராஜெயாவில் ஐஸ் தயாரிப்பாளர்கள் 24 பேர் சேர்ந்து, 2014 ஜனவரி முதல் குழாய் ஐஸ் பைக்கு 50 சென் ஏற்றுவதென்று முடிவெடுத்தார்கள். மலேசியப் போட்டி ஆணையம் விசாரித்து அவர்களுக்கு அபராதம் விதித்தது. ஐஸ் பைக்கு ஐம்பது சென்தான், யோசித்துப் பாருங்கள். செலவைக் கணக்கிடும் முறையை இங்கே பகிர்ந்துகொள்ளலாம்; தொகையை அவரவர் தனியாகவே முடிவு செய்யுங்கள்.

பெட்ரோல் வேனைப் பற்றியும் ஒரு வார்த்தை. புடி95 சலுகை வேனுக்கு இல்லை, மைகாட் (அடையாள அட்டை) வைத்திருக்கும் ஆளுக்கு. அதுவும் திட்டம் தொடங்கியபோது மாதம் 300 லிட்டர் என்ற வரம்போடு. உங்கள் ஓட்டுநர் தன் அட்டையைப் போட்டுக் கம்பெனி வேனை நிரப்பினால், அவர் குடும்பக் காருக்கு உரிய அளவு குறைகிறது. அதை அவரிடம் பேசி, அவருக்கு ஈடு கொடுத்த பிறகே அந்த மலிவு விலையை உங்கள் கணக்கில் எழுதுங்கள்.

ஆயர்_ஈத்தாம்

அட்டை விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை, அக்கா. இன்று மாலையே அவரிடம் பேசுகிறேன். குழு யோசனையையும் கைவிட்டுவிட்டேன்.

மாக்மண்டின்_கழுவகம்

செராஸ் அண்ணனுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. நோட்டுப் புத்தகம் வைத்து மூன்று வாரம் ஆகிறது. மொத்தம் 52 பயணங்கள். அவற்றில் 11 வீண். அதில் ஒன்றில் நானே போயிருந்தேன். தஞ்சோங் தோக்கோங்கில் ஓர் அடுக்குமாடி வீடு. ஒன்பதுக்குப் பன்னிரண்டு அடிக் கம்பளம். சுருட்டி இருவரும் தோளில் வைத்து, காவலரிடம் அடையாள அட்டையைக் கொடுத்து, சரக்கு மின்தூக்கிக்கு இருபது நிமிடம் காத்திருந்து மேலே போனால் கதவு பூட்டியிருந்தது. வீட்டுக்காரம்மா மறுநாள் என்று நினைத்திருந்தாராம். அன்றைய டீசல், டோல், அரை நாள் கூலி எல்லாம் என் கணக்கில். இப்போது புறப்படும் முன் தொலைபேசியில் உறுதி செய்யாமல் வேனை நகர்த்தக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

சதுர அடிக் கட்டணத்தை 1.30 வெள்ளிக்குக் குறைத்திருக்கிறேன், பழைய 1.20க்கு மேலிருக்கும் 10 சென் சம்பள உயர்வுக்கானது என்று கேட்பவர்களிடம் சொல்கிறேன். எடுத்துக் கொடுக்கும் வேலைக்குப் பெருநிலத்தில் 25 வெள்ளியும் தீவில் 60 வெள்ளியும் வருகைக் கட்டணம். தீவுக்குச் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் மட்டும் வேன் போகும். பாயான் லெப்பாஸ் அலுவலகத்துக்கு, அக்கா சொன்ன விதியோடு புதிய விலைப் பட்டியல் அனுப்பினேன். மேலாளர் அந்த விதியைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார், இறங்கும்போதும் குறைப்பீர்களா என்பது அதில் ஒன்று. பதில் இன்னும் வரவில்லை.

பாலிக் பூலாவில் வழக்கமாக அழைக்கும் அம்மா, 60 வெள்ளி என்றதும் முதலில் கோபித்துக்கொண்டார். மறுநாள் அவரே அழைத்து, பக்கத்து வீடுகளிலும் இரண்டு கம்பளம் இருக்கிறது, மூன்றையும் ஒன்றாக எடுத்தால் கட்டணத்தைப் பிரித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். ஆளுக்கு 20 வெள்ளி என்று ஒப்புக்கொண்டேன். வரும் வெள்ளிக்கிழமை காலை எடுக்கப் போகிறேன்.