சென்ட்ஓஎஸ் 7-இலிருந்து டெபியன் 12-க்கு: எஸ்ஈலினக்ஸ் விதிகளை எப்படிக் கொண்டுபோவது?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், அலுவலகத்தின் இரண்டு வலைச் சர்வர்களை டெபியன் 12 என்ற வேறொரு லினக்ஸுக்கு மாற்றும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். மென்பொருள் நிறுவ யம் இருந்த இடத்தில் ஆப்ட், நிர்வாகி உரிமைக்கு வீல் குழுவுக்குப் பதில் சூடோ குழு என்பவை இரண்டே நாளில் கைக்குப் பழகிவிட்டன. ஆனால், சென்ட்ஓஎஸ்ஸில் நாமாகத் தொடங்கும்வரை இயங்காத அப்பாச்சி வலைச் சர்வர் மென்பொருள், டெபியனில் நிறுவி முடித்த மறுகணமே, அமைப்புக் கோப்பை நான் திறக்கும் முன்பாகவே, வலைக் கோரிக்கைகள் வரும் 80-ஆம் போர்ட்டில் பதிலளிக்கத் தொடங்கியதைக் கண்டு திடுக்கிட்டேன்.

உண்மையான சிக்கல் பாதுகாப்பில்தான் இருக்கிறது. பழைய சர்வரில் எஸ்ஈலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு, கோப்புகளுக்கு இட்ட லேபிளைப் பார்த்தே அனுமதி தந்தது; அதில், பயனர்கள் கோப்புகளைப் பதிவேற்றும் ஒரே ஒரு ஃபோல்டருக்கு மட்டும் எழுதும் உரிமை தரும் லேபிளை செமேனேஜ் கட்டளையால் வரையறுத்து, ரெஸ்டோர்கான் மூலம் பொருத்தியிருந்தோம். டெபியனுடன் வரும் பாதுகாப்பு அமைப்பான ஆப்ஆர்மரோ லேபிளைப் பார்ப்பதில்லை, கோப்பின் பாதையை வைத்தே அனுமதிக்கிறது அல்லது தடுக்கிறது.

அப்பாச்சிக்கென ஆப்ஆர்மர் விதிகள் அடங்கிய ஒரு ப்ரொஃபைலை நானே எழுதி, சில வாரங்கள் மீறல்களைத் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் கம்ப்ளைன் நிலையில் வைத்துப் பதிவுகளைக் கவனித்த பிறகு, மீறல்களைத் தடுக்கும் என்ஃபோர்ஸ் நிலைக்கு மாற்றுவது சரியான வழியா, அல்லது டெபியனிலேயே எஸ்ஈலினக்ஸை நிறுவிக்கொள்வது நல்லதா? இவ்வாறு மாற்றிய அனுபவம் உள்ளவர்கள், குறிப்பாக பிஎச்பி நிரல்களை இயக்கும் பிஎச்பி-எஃப்பிஎம்மையும் சேர்த்துக் கட்டுப்படுத்தியவர்கள், வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.