டேட்டாபேஸில் ஸ்ட்ரிங்காக இருக்கும் நிபந்தனையைச் சோதிப்பது எப்படி?

மன்னார்குடி_வலை:
நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றும் முன்பே அது தேறுமா என்று விவசாயிகள் பார்த்துக்கொள்ள ஒரு பக்கம் எழுதுகிறேன். ஈரப்பத வரம்பு வழக்கமாக 17 சதவீதம். அறுவடை மழையில் சிக்கினால் சில சமயம் தளர்வு வரும், வரம்பு மாறும். அதனால் விதியை "ஈரம் <= 17 && ரகம் == 'பொது'" என்று ஸ்ட்ரிங்காக டேட்டாபேஸில் வைத்திருக்கிறேன். இஃப்-க்குள் கொடுத்தால் எந்த நெல்லும் தேறிவிடுகிறது. ஸ்ட்ரிங்கை நிரலாகவே ஓட்டும் ஈவால் போடலாமா? முன்பக்கம் ஜாவாஸ்கிரிப்ட், சர்வரில் பிஹெச்பி.

குடந்தை_சர்வர்:
காலியாக இல்லாத ஸ்ட்ரிங் எதுவும் ஜாவாஸ்கிரிப்டின் இஃப்-க்கு உண்மைதான், "0" உட்பட. பிஹெச்பியில் ""-ம் "0"-ம் பொய்.

ஈவால் வேண்டவே வேண்டாம். விதியைத் திருத்தும் பக்கத்துக்குள் நுழைந்தவர் எந்த நிரலையும் ஓட்டலாம். பிஹெச்பியில் என்றால் சர்வரே அவர் கைக்குப் போய்விடும். ஸ்ட்ரிங்கிலிருந்து ஃபங்ஷன் உருவாக்கும் ஜாவாஸ்கிரிப்டின் நியூ ஃபங்ஷனும் அப்படித்தான். சிஎஸ்பி (எந்த நிரல் ஓடலாம் என்று தளம் பிரௌசருக்குச் சொல்லும் பாதுகாப்பு விதி) கட்டுப்பாடு உள்ள தளத்தில் பிரௌசர் இரண்டையும் தடுக்கும். அதைத் தாண்ட 'அன்சேஃப் ஈவால்' அனுமதியைச் சேர்க்காதீர்கள்.

விதியைப் புலம், குறி, மதிப்பு என்று மூன்று நெடுவரிசையாகப் பிரியுங்கள்: ஈரம் | <= | 17. குறிக்கு ஒரு ஃபங்ஷன்:

செயல் = { '<=': (அ, ஆ) => அ <= ஆ, '==': (அ, ஆ) => அ === ஆ }

பட்டியலில் இல்லாத குறி வந்தால் எரர் கொடுத்து நிறுத்துங்கள். எல்லா வரியையும் சோதிக்க ஜாவாஸ்கிரிப்ட் அரேயின் 'எவ்ரி' ஃபங்ஷன் போதும், ஆனால் காலி அரேக்கு அது உண்மை என்றே சொல்லும். விதி ஏதும் லோடு ஆகாத நாளில் எல்லா நெல்லும் தேறிவிடும். நீளம் 0-வா என்று முதலில் பாருங்கள். 'அல்லது' வேண்டுமென்றால் குழு எண்ணுக்கு ஒரு நெடுவரிசை சேர்க்கலாம்.

திருவாரூர்_கோடு:
மேலே சொன்னது சரி. ஆனால் ஃபார்மிலிருந்து வரும் மதிப்பு ஸ்ட்ரிங். இரண்டு பக்கமும் ஸ்ட்ரிங்கானால் ஜாவாஸ்கிரிப்ட் எழுத்தெழுத்தாக ஒப்பிடும்; "9" <= "17" பொய், காய்ந்த நெல் தள்ளுபடியாகும். நம்பராக மாற்றுங்கள். அதிலும் காலிப் பெட்டி 0 ஆகிவிடும், 0 <= 17 உண்மை! "17%" என்று அடித்தால் நான்-நம்பர் (NaN, அதாவது எண் அல்ல), அதோடு <=, == எதைப் போட்டாலும் பொய். ஆக, காலியா என்று பார்த்து, பிறகு மாற்றி, பிறகு நம்பர்தானா என்று பார்க்க வேண்டும். வரிசை முக்கியம்.

மன்னார்குடி_வலை:
நன்றிங்க. கீழ்வரம்புக்கு 12 <= ஈரம் <= 17 என்று ஒரே வரியாக வைக்கலாமா?

திருவாரூர்_கோடு:
கூடாது. ஜாவாஸ்கிரிப்டில் முதல் பாதி உண்மை அல்லது பொய் ஆகி, 1 அல்லது 0 ஆக 17-உடன் ஒப்பிடப்படும், எப்போதும் உண்மை. பிஹெச்பியில் சின்டாக்ஸ் எரர். இரண்டு வரியாகவே வையுங்கள்.

குடந்தை_சர்வர்:
'பொது' என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 'பொ'வின் உயிர்க்குறி யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றே, ஒப்பிட்டால் பொய். இரு பக்கத்தையும் என்எஃப்சி வடிவுக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவம்) மாற்றுங்கள்: ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ், பிஹெச்பியில் இன்ட்ல் நீட்சியின் நார்மலைசர். ரகத்தைத் தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலிலிருந்து எடுக்கவைத்து, எண்ணாகச் சேமிப்பது அதைவிட நல்லது.

அடைப்புக்குறியோடு நீண்ட விதிகள் வரும் என்றால் சர்வரில் சிம்ஃபொனி என்ற பிஹெச்பி நிரல்தொகுப்பின் எக்ஸ்பிரஷன் லேங்குவேஜ் போதும். தீர்ப்பு சர்வரில்தான் இருக்க வேண்டும்; பிரௌசரில் செய்வது முன்னோட்டம் மட்டும்.